பார்க்க விலாங்கு... கொட்டினால் தேள்! பாறைக்குழியில் பதுங்கும் மீசைக்கார மீன்

ராமநாதபுரம்:

பார்த்தால் விலாங்குக் குட்டி. வாயைச் சுற்றி மீசை. கறுத்த உடம்பில் தலையில் இருந்து வால் பக்கம் வரைக்கும் இரண்டு வெள்ளைக் கோடு. நீளம் ஒரு முழம்கூட வராது. ஆனால் கை பட்டுவிட்டால் போச்சு... பத்து பேரை அடிக்கிற ஆளையும் கரையில் உட்கார்ந்து அழ வைத்துவிடும்!

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் கடல் தொழில் பார்க்கிறவர்களுக்கு இந்த ஆசாமியை அறிமுகப்படுத்த வேண்டியது இல்லை. வரி போட்ட கடல் கெளுத்திதான் அது. கெளுத்தி, கெளிறு, கெளுறு என்று ஊருக்கு ஊர் பேர் மாறும். ஆனால் வெளியூரில் இருந்து ராமேசுவரம் வந்து பாறைப் பக்கம் வேடிக்கை பார்க்கிறவர்கள், லீவு நாளில் நண்டு பிடிக்கப் போகிற பிள்ளைகள், புதுசாக பாசி எடுக்க இறங்குகிற பெண்கள்... இவர்களுக்கு இது எங்கே இருக்கும், கொட்டினால் என்ன செய்யணும் என்று தெரியாது. அவர்களுக்காகத்தான் இந்த செய்தி.

நம்ம மன்னார் வளைகுடாவில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. குஜராத் பக்கம் காம்பே வளைகுடாவில் கடல் பனை மர உயரத்துக்கு ஏறி இறங்கும். நமக்கு சுமார் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி தண்ணி நல்லாவே உள்வாங்கும். அப்போது கரையோரப் பாறைகளுக்கு நடுவில் குழி குழியாக தண்ணி தேங்கி நிற்கும். முழங்கால் ஆழம், சில இடத்தில் ஒரு சாண் ஆழம். சின்ன நண்டு, இறால் குஞ்சு, சங்கு, கடல் அட்டை, புழு எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும்.

அந்தக் குழிதான் நம்ம மீசைக்காரருக்கு பகல் நேர வீடு. வெயில் ஏறிவிட்டால் பாறை இடுக்கில், கல்லுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்வார். இருட்டின பிறகுதான் இரை தேட வெளியே வருவார். ஆக, பகலில் குழியைப் பார்த்தால் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். மீன் இருக்கிற அடையாளமே தெரியாது. ‘நண்டு உள்ளே போச்சு’ என்று கல்லுக்கு அடியில் கையை விட்டால்... ‘சுருக்’!

கஞ்சித் தண்ணி வைத்தியம்

இந்த ‘சுருக்’ எப்படி இருக்கும் என்று இதை எழுதுகிற எனக்கு நல்லாவே தெரியும். ஆறாம் வகுப்பு படிக்கும்போது, சித்தி ஊரில் பள்ளி லீவுக்கு இருந்த சமயம். பையன்களோடு சேர்ந்து வத்தத்தில் நண்டு பிடிக்கப் போனேன். கல்லைப் புரட்டாமல் கையை விட்டேன். முதலில் நண்டு கடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. வலி விரலில் இருந்து முழங்கை வரைக்கும் ஏறி, தோள்பட்டையில் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி ‘விண் விண்’ என்று தெறித்தது. கத்தின கத்தில் பையன்கள் எல்லாம் பாம்பு கடித்துவிட்டது என்று ஓடியே போய்விட்டார்கள்.

வீட்டுக்கு தூக்கிக்கொண்டு வந்தபோது பக்கத்து வீட்டு பெரியம்மா அப்போதுதான் சோறு வடித்திருந்தார். “ஏலே, கையைக் கொண்டாலே!” என்று பிடித்து இழுத்து, வடித்த கஞ்சிக்குள் அப்படியே முக்கிவிட்டார். அரை மணி நேரத்தில் வலி பாதி இறங்கிவிட்டது. ஆனால் கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருந்ததால் இரண்டு விரலில் கொப்பளம் வந்து தோல் உரிந்தது. விஷமும் போச்சு, தோலும் போச்சு! அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பெரியம்மா செய்தது பாதி சரி, பாதி தப்பு. அதைக் கீழே விவரமாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் இந்த மீனின் ஆயுதம் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று முள்... மூன்றிலும் விஷம்

கடல் கெளுத்திக்கு மொத்தம் மூன்று விஷ முள். முதுகுத் துடுப்பின் முன்னால் ஒன்று. செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. கையில் எடுத்துப் பார்த்தால் ரம்பம் மாதிரி ஓரத்தில் பல் பல்லாக இருக்கும். அதனால் குத்தும்போது ஒரு வலி, வெளியே இழுக்கும்போது சதையைக் கிழித்து இன்னொரு வலி.

பாம்புக்கு இருக்கிற மாதிரி விஷப் பை, துளை உள்ள பல் எல்லாம் இதற்குக் கிடையாது. முள்ளைச் சுற்றி மெல்லிசாக ஒரு தோல் உறை. அந்த உறையில்தான் விஷம் ஊறுகிற திசு இருக்கிறது. முள் சதைக்குள் இறங்கும்போது உறை கிழியும், விஷம் காயத்துக்குள் கலக்கும். இவ்வளவுதான் தொழில்நுட்பம்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. பயந்துவிட்டால் மூன்று முள்ளையும் விறைப்பாக நிமிர்த்தி, அடி மூட்டில் பூட்டு போட்டுக்கொள்ளும். அப்புறம் யார் அழுத்தினாலும் மடங்காது. பெரிய மீன் விழுங்கப் பார்த்தாலும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

ஒன்றை சொல்லியாக வேண்டும். இந்த மீன் ஆளைத் துரத்தி வந்து கொட்டாது. அதன் வீட்டுக்குள் நாம் கையை, காலை விட்டால்தான் பிரச்சினை.

செத்த மீனும் கொட்டும். வலையில் செத்துக் கிடக்கிற மீனை அலட்சியமாகப் பிடித்து இழுத்தாலும், சமையல்கட்டில் அரிவாள்மனையில் வைத்து அரிந்தாலும் முள் முள்தான், விஷம் விஷம்தான். விவரம் தெரிந்தவர்கள் மூன்று முள்ளையும் ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் கூடையில் சேர்ப்பார்கள். மார்க்கெட்டில் கலப்பு மீன் கூறு வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய் பையைக் கவிழ்த்ததும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. மீசையும் கோடும் இருந்தால் கையை வைக்காமல் இடுக்கியால் எடுங்கள்.

பாம்பா, விலாங்கா?

வத்தத்தில் கரை ஒதுங்கிக் கிடக்கும் இந்த மீனைப் பார்த்து கடல்பாம்பு என்று பயப்படுகிறவர்களும் உண்டு. காரணம் அதன் வால். சாதாரண கெளுத்திக்கு வால் இரண்டாகப் பிரிந்து கவை மாதிரி இருக்கும். இதற்கு முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் பின்னால் வாலோடு சேர்ந்து ஒரே நாடா மாதிரி ஆகி, கூராக முடியும். நீந்தும்போது அசல் விலாங்குதான்.

கண்டுபிடிப்பது சுலபம். வாயைச் சுற்றி நான்கு ஜோடி, அதாவது எட்டு மீசை இருந்தால் அது கெளுத்தி. பாம்புக்கு மீசை கிடையாது. கடல்பாம்புக்கு செதில் உண்டு, செவுள் கிடையாது. மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். கெளுத்திக்கு செதிலே கிடையாது, வழுவழு உடம்பு. அஞ்சாளையும் பாறை இடுக்கில் இருக்கும், ஆனால் அதற்கு மீசையும் இல்லை, பக்கத் துடுப்பும் இல்லை. அது கொட்டாது, கடிக்கும்!

இந்த மீனுக்கு விஞ்ஞானப் பெயர் ‘ப்ளோடோசஸ் லீனியேட்டஸ்’. 1787-ம் ஆண்டு ஸ்வீடன் நாட்டுக்காரர் கார்ல் பீட்டர் துன்பெர்க் வைத்த பெயர். உலகத்தில் கெளுத்தி இனங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலும் ஆறு, குளம், கழிமுகம் என்று வாழ்கிறவை. பவளப்பாறையில் குடித்தனம் நடத்துகிற கெளுத்தி என்று புத்தகங்கள் சொல்வது இதை மட்டும்தான். உப்புத் தண்ணியில் வாழ்வதற்கு என்றே உடம்பின் அடிப்பக்கம், மலவாய்க்குப் பின்னால் கிளை கிளையாக ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. உடம்பில் சேருகிற அதிக உப்பை வெளியே தள்ளுவது அதன் வேலை.

பந்து மாதிரி உருளும் குஞ்சுகள்

தனியாகப் பார்த்தால் பயமுறுத்துகிற இந்த மீன், குஞ்சாக இருக்கும்போது காட்டுகிற வேடிக்கையே வேறு. நூறு குஞ்சு வரைக்கும் ஒன்றாகச் சேர்ந்து கறுப்பு பந்து மாதிரி மணலில் உருண்டு போகும். முன்னால் இருக்கிறவை குனிந்து இரை தின்னும், பின்னால் இருக்கிறவை மேலே ஏறி முன்னால் வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ ஒரு பெரிய பிராணி ஊர்ந்து போவது போல இருக்கும். ஜப்பான்காரர்கள் இந்த மீனை ‘கொன்சுய்’ என்பார்கள். இந்த உருண்டைக்கு ‘கொன்சுய் பந்து’ என்றே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பந்தில் இருக்கிற குஞ்சு இன்னொரு பந்துக்கு மாறாதாம். நம்ம கூட்டம் எது என்பதை வாசனையை வைத்தே கண்டுபிடிக்கும் என்று ஆராய்ச்சியில் தெரிய வந்திருக்கிறது. வளர வளர கூட்டம் சின்னதாகும். பெரிசானதும் தனியாகவோ, இருபது உருப்படிக்குள்ளோ பாறைக்கு அடியில் இருக்கும்.

ஒரு விஷயத்தில் இந்த மீசைக்காரரை பாராட்டத்தான் வேண்டும். ஆழம் குறைந்த பாறைப் பக்கம் குழி பறித்து, கல்லுக்கு அடியில் கூடு அமைப்பது ஆண் மீன். பெண் மீன் முட்டை போட்டதும் காவல் காப்பதும் ஆண்தான். வீட்டில் தண்ணிகூட எடுத்துக் குடிக்காத ஆம்பளைகள் கவனிக்க!

புழு விடும் மூச்சை மோப்பம் பிடிக்கும்

ராத்திரியில் கும்மிருட்டில், மணலுக்குள் வளை தோண்டி ஒளிந்திருக்கிற புழுவை இது எப்படிக் கண்டுபிடிக்கிறது? புழு அசையாது, சத்தம் போடாது. கண்ணுக்கும் தெரியாது.

இந்த இனத்துக்கு அண்ணன் தம்பி முறை வருகிற ஜப்பான் கடல் கெளுத்தியை வைத்து ஜப்பான், அமெரிக்க விஞ்ஞானிகள் சோதனை செய்து, 2014-ம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். (அந்த மீனும் இதுவும் ஒன்று என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2008-ல்தான் தனியாகப் பிரித்தார்கள்.) கண்டுபிடித்தது என்ன தெரியுமா? புழு மூச்சு விடும்போது கரியமில வாயு வரும். அது கலந்ததும் வளையைச் சுற்றி உள்ள தண்ணியில் புளிப்பு, அதாவது அமிலத் தன்மை, துளியூண்டு கூடும். அந்த துளியூண்டு வித்தியாசத்தை இந்த மீன் உடம்பிலேயே உணர்ந்து, நேராக அங்கே போய் கொத்திவிடும்.

எவ்வளவு துளியூண்டு? பி.எச். அளவில் 0.1, அதற்கும் கீழே. கடல் தண்ணியின் சாதாரண பி.எச். 8.1, 8.2. அந்த அளவில் இருக்கும்போதுதான் மீனின் இந்த மோப்ப சக்தி உச்சத்தில் இருக்கிறது. 8-க்குக் கீழே இறங்கினால் சக்தி மளமளவென்று குறைந்துவிடுகிறது.

இதில்தான் சிக்கல். உலகம் முழுக்க புகை பெருகி, காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதனால் கடலின் அமிலத் தன்மை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறது. அப்படியே போனால் பக்கத்தில் இரை இருந்தும் தெரியாமல் பட்டினி கிடக்கிற நிலை இந்த மீனுக்கு வரலாம். கொட்டுகிற மீன்தானே, போனால் போகட்டும் என்று சொல்ல முடியாது. அதே கடலை நம்பித்தான் நம்ம ஜனங்களும் இருக்கிறார்கள்.

பாசி எடுக்கும் பெண்களே, கவனம்!

இந்த மீனால் அதிக ஆபத்து யாருக்கு என்று யோசித்தால், முதலில் நினைவுக்கு வருவது பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாறையில் ஒட்டிக் கிடப்பதை கையால்தான் பறித்து எடுக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு முங்குகிறார்கள். துணி பாறை கிழிக்காமல் தடுக்கும். ஆனால் ரம்ப முள்ளைத் தடுக்காது. தடிமனான ரப்பர் கையுறை, அடிப்பாகம் கனமான ரப்பர் காலணி இருந்தால் ஓரளவுக்குத் தப்பிக்கலாம். கையை விடுவதற்கு முன்னால் ஒரு குச்சியால் இடுக்கைத் தட்டிவிட்டால் மீனே விலகிப் போய்விடும். காசு செலவு இல்லாத வழி அதுதான்.

கரைவலை இழுக்கிறவர்கள், நண்டு வலை பிரிக்கிறவர்களுக்கும் இதே கதை. விடியற்காலை இருட்டில் வலையை உதறும்போது எது இறால், எது கெளுத்தி என்று தெரியாது. அங்கே ஒரு டார்ச் லைட் வெளிச்சம் பெரிய உதவி.

கொட்டிவிட்டால் என்ன செய்ய?

முதல் வேலை, தண்ணியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். வலியில் மயக்கம் வரலாம். முழங்கால் தண்ணியில் மயங்கி விழுந்தாலும் உயிருக்கு ஆபத்துதான்.

காயத்தை நல்ல தண்ணியில் கழுவுங்கள். முள் துண்டு மேலாகத் தெரிந்தால் மெதுவாக எடுக்கலாம். ஆழமாக இறங்கி இருந்தால் நோண்டாதீர்கள், அது டாக்டர் வேலை. கழுத்து, நெஞ்சு, வயிற்றில் குத்தி இருந்தால் முள்ளைத் தொடவே கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

அடுத்தது வெந்நீர். இந்த விஷம் புரதத்தால் ஆனது, சூடு பட்டால் கெட்டுப்போகும். கை, கால் என்றால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் முக்கி வைக்க வேண்டும். 45 டிகிரி செல்சியசுக்கு மேலே போகக் கூடாது. அதாவது கை பொறுக்கிற சூடு. அரை மணி நேரத்தில் இருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். ஆற ஆற, கையை வெளியே எடுத்துவிட்டு சுடுதண்ணி ஊற்றிக் கலந்துகொள்ள வேண்டும்.

எங்க பெரியம்மா தப்பு செய்தது இங்கேதான். கொட்டு வாங்கின கைக்கு சூடு சரியாகத் தெரியாது, வலியில் மரத்துப் போயிருக்கும். அதனால் அடிபடாத கையை விட்டுப் பார்க்க வேண்டும், இல்லை பக்கத்தில் இருக்கிறவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும். அவருக்குப் பொறுத்தால்தான் இவருக்கு. குழந்தைகளுக்கு இன்னும் ஜாக்கிரதை. திருக்கை முள் குத்தினாலும் இதே வெந்நீர்தான் முதலுதவி.

செய்யக் கூடாதது நிறைய இருக்கிறது. பிளேடால் கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, புகையிலை வைப்பது... எதுவும் வேண்டாம். வலி மறக்கட்டும் என்று கட்டிங் அடிப்பதும் வேண்டாம். விஷமும் இறங்காது, டாக்டருக்கு நிலைமையும் புரியாது.

வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இந்தக் கொட்டில் உயிர் போவது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனால் காயம் சீழ் பிடித்து, விரலையே பாடாய்ப் படுத்துவது அப்படி அபூர்வம் இல்லை. கடல் தண்ணியில் இருக்கிற கிருமிகளும் காயத்துக்குள் போயிருக்கும். முள் துண்டு உள்ளே முறிந்து நின்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எடுக்க வேண்டி வரும். டி.டி. ஊசி போட வேண்டும். டாக்டர் மாத்திரை கொடுத்தால் பாதியில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் சின்ன குத்துதானே என்று ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது.

மூச்சுத் திணறல், நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மயக்கம் என்றால் வெந்நீருக்குக்கூட காத்திருக்க வேண்டாம், உடனே 108-க்கு போன் போடுங்கள். இரண்டு, மூன்று நாள் கழித்து வீக்கம் கூடினாலும் காய்ச்சல் வந்தாலும் மறுபடி போய்க் காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ‘பாம்புக்குப் போடுகிற விஷமுறிவு ஊசியைப் போடுங்கள்’ என்று சிலர் சண்டை போடலாம். இந்த மீனுக்கு அது வேலை செய்யாது. கெளுத்தி விஷத்துக்கு என்று தனி முறிவு மருந்தும் கிடையாது. அதனால் என்ன குத்தியது என்பதை டாக்டரிடம் சரியாகச் சொல்லுங்கள். எட்டு மீசை, இரண்டு கோடு. இந்த இரண்டு அடையாளம் போதும்.

ஐரோப்பாவே அலறுது!

நமக்கு இது சொந்தக் கடல் மீன். மத்திய தரைக்கடல் நாடுகளுக்கு வந்தேறி. 1869-ல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாக செங்கடலில் இருந்து எத்தனையோ மீன்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தக் கெளுத்தி 2000-களின் தொடக்கத்தில் இஸ்ரேல் கரையில் தலை காட்டியது. கொஞ்ச வருடத்தில் கூட்டம் கூட்டமாகப் பெருகி, அங்கே வலை இழுக்கிறவர்களின் கையைப் பதம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. 2019-ல் ஐரோப்பிய யூனியன் தன் ‘ஆகாத அன்னிய உயிரினங்கள்’ பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் கடல் மீன் இதுதான். அங்கே இதை இறக்குமதி செய்யவோ, விற்கவோ, வளர்க்கவோ கூடாது.

ஆனால் மற்ற நாடுகளில் இந்தக் குஞ்சுகளை அலங்கார மீனாக கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள். கோடு போட்டு, பந்து பந்தாக உருள்வதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் வளர்ந்தால் 30 சென்டிமீட்டரைத் தொடும் என்பதும், தொட்டியைக் கழுவக் கையை விடும்போது முள் காத்திருக்கும் என்பதும் அப்புறம்தான் தெரியும்.

சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. மூன்று முள்ளையும் ஒடித்து, தோலில் இருக்கிற வழவழப்பு போக உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு குழம்பு வைத்தால் கெளுத்திக்கு தனி ருசி. ஒடித்த முள்ளை மட்டும் தெருவில் வீசாதீர்கள். வெறும் காலோடு நடக்கிற பிள்ளைகள் மிதித்துவிடும். காகிதத்தில் சுருட்டி குப்பையில் போடுங்கள், இல்லை குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.